மகனுக்கு வைத்தியம் கேட்கும் தந்தை

கேள்வி: நான் சீனாவின் குவாங்சோ நகரில் வேலை செய்கிறேன். எங்கள் கிடங்கு மேற்பார்வையாளர் ஹூனான் மாகாணத்துக்காரர், வயது 61. ஒரே மகன். மூன்று ஆண்டுகளுக்கு முன் வசந்த விழாவுக்கு (சீனப் புத்தாண்டுக்கு) ஊருக்கு வந்தவன், தான் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று சொன்னதும், "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்று அனுப்பிவிட்டார். அதன்பின் பேச்சே இல்லை. இப்போது விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிறார். தினமும் பைஜியு மது குடித்துத்தான் படுக்கிறார். ரத்த அழுத்தம் 165/100. "நான் தொழிற்சாலையே கதியென்று கிடக்க, அவன் பாட்டியிடம் வளர்ந்தான். அதனால்தான் இப்படி ஆனானோ? மின்அதிர்ச்சி கொடுத்துக் குணப்படுத்துகிறார்களாமே?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

பதில்: அவருடைய உடம்பை முதலில் கவனிப்போம். ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், ரத்த அழுத்தத்தை அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள். சராசரி 135/85ஐத் தாண்டினால் சிகிச்சை தேவைப்படலாம். நெஞ்சில் இறுக்கமோ வலியோ வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பைஜியு கடுமையான மது. படுத்ததும் தூக்கம் வரச்செய்யும். பின்னிரவில் அதே தூக்கத்தைக் கலைத்துவிடும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. மருத்துவரைக் கேட்டுக் குறைக்கட்டும். விடியுமுன் விழிப்பும், எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

மகனுக்கு வைத்தியம் எதுவும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990இலும், சீனாவின் மனநோய் வகைப்பாடு 2001இலும் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. மின்அதிர்ச்சி யாருடைய ஈர்ப்பையும் மாற்றியதில்லை. அச்சத்தையும் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையுமே விட்டுச்செல்கிறது. சோங்சிங் நகரில் ஓர் இளைஞருக்கு அப்படிச் செய்த நிலையம் 3,500 யுவான் இழப்பீடு தர வேண்டும் என்று 2014இல் பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஹெனான் மாகாணத்தில் ஒருவரை 19 நாள் அடைத்துவைத்து, கட்டாயமாக மாத்திரையும் ஊசியும் கொடுத்த மருத்துவமனை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2017இல் அங்குள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. இதைச் சொன்னால் அவர் நம்புவார். சொல்வது அவருடைய நாட்டு நீதிமன்றம்.

அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் என்னை உலுக்கியது. கோடிக்கணக்கான சீனப் பிள்ளைகள் அப்பா நகரத்துக்குப் பிழைக்கப் போக, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்கள். அதனால் யாருக்கும் ஈர்ப்பு மாறுவதில்லை. சுமார் 4.8 லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, இதற்கென்று தனியொரு மரபணு இல்லை, பல மரபணுக்களுக்குச் சிறுசிறு பங்கு உண்டு என்றது. வளர்ப்பில் குறை என்று காட்டும் சான்று இதுவரை இல்லை. அந்தப் பழியை அவர் சுமக்க வேண்டியதில்லை என்று அழுத்திச் சொல்லுங்கள். மூன்று மணிக்கு அவரை எழுப்பிவிடுவது இந்தக் குற்றவுணர்வுதான் என்று நினைக்கிறேன். மகன்மேல் காட்டும் கோபத்தில் பாதி அவர் மேலேயே உள்ள கோபமாக இருக்கலாம்.

"வாரிசு இல்லாததே பெரிய பிதுர்த் துரோகம்" என்ற பண்டைய சீனத் தத்துவஞானி மென்சியஸின் வாக்கைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. அதிலும் ஒற்றைப் பிள்ளை. அந்தத் துக்கம் உண்மையானது; அழ வேண்டுமானால் அழட்டும். ஆனால் ஒரு பெண்ணைக் கட்டிவைத்துவிட்டால் சரியாகும் என்று மட்டும் இறங்க வேண்டாம். அப்படி ஏமாந்து தவிக்கும் மனைவியரைக் குறிக்க 'தொங்சீ' என்று சீன மொழியில் தனிச்சொல்லே உருவாகிவிட்டது.

நீங்கள் இருக்கும் குவாங்சோவில்தான் வூ யூஜியான் என்ற தாய், தன் மகனை ஏற்றுக்கொண்டதைத் தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொல்லி, 2008இல் இத்தகைய பெற்றோர்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்குவதில் பங்கெடுத்தார். அவர் பேசியதை உங்கள் நண்பர் தேடிக் கேட்கட்டும். இன்னொரு பெற்றோரின் வாயிலிருந்து கேட்பது வேறு, நான் சொல்வது வேறு.

ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளச் சொல்லாதீர்கள். வீசாட் செயலியில் மகனுக்கு ஒரு வரி அனுப்பட்டும்: "சாப்பிட்டாயா?" நம்மைப்போலவே அவர்களும் அன்பை இப்படித்தான் விசாரிக்கிறார்கள். கல்யாணப் பேச்சு அதில் வேண்டாம். மூன்று ஆண்டு மௌனத்துக்குப் பின் பதில் உடனே வராமல் போகலாம்; ஒரு வாரம் பொறுத்து மறுபடி அனுப்பட்டும். குடித்த இரவில் அனுப்ப வேண்டாம், காலையில் அனுப்பச் சொல்லுங்கள்.