மெங் வான்சோ கைதும் நம் கரையின் கேள்விகளும்

ராமநாதபுரத்தில் நான் சட்ட உதவி வகுப்பு எடுத்தபோது, சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவேயின் அதிகாரி மெங் வான்சோ கனடாவில் கைதான கதையையும், அதனால் சீனாவுக்கும் கனடாவுக்கும் மூண்ட பகையையும் சொன்னேன். அதன்பின் வந்த கேள்விகள் இவை.

கேள்வி (பாம்பன்): ஐயா, ஒரு கம்பெனி அதிகாரியைப் பிடித்ததற்கா இவ்வளவு பகை?

பதில்: அவர் நிதித் தலைவர் மட்டுமல்ல, ஹுவாவேயை நிறுவியவரின் மகள். 2018 டிசம்பர் 1 அன்று வான்கூவரில் விமானம் மாற இறங்கியவரை, அமெரிக்கா கேட்டபடி கனடா கைது செய்தது. ஈரான் வணிகத்தைப் பற்றி எச்.எஸ்.பி.சி. வங்கியை ஏமாற்றினார் என்பது குற்றச்சாட்டு. கனடாவுக்கு அவரோடு தனி வழக்கு ஏதும் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்கும் நாட்டிடம் அனுப்பும் ஒப்படைப்பு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டது, அடியையும் வாங்கிக்கொண்டது.

கேள்வி (மண்டபம்): அவர் எத்தனை நாள் சிறையில் இருந்தார்?

பதில்: ஏறக்குறைய பத்து நாள். பிறகு ஒரு கோடி கனடா டாலர் ஜாமீன், காலில் கண்காணிப்புப் பட்டை, வான்கூவரில் சொந்த வீடு.

கேள்வி (தொண்டி): சீனா பிடித்த இருவர் என்ன குற்றம் செய்தார்கள்?

பதில்: உளவு பார்த்தார்கள் என்றது சீனா. மெங் கைதாகி ஒன்பதே நாளில் மைக்கேல் கோவ்ரிக், மைக்கேல் ஸ்பாவர் என்ற இரண்டு கனடியர்களைப் பிடித்தது. கோவ்ரிக் தூதரகப் பணியிலிருந்து விடுப்பில் இருந்தவர். ஆகவே தூதருக்குரிய சட்டப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. இரவும் பகலும் விளக்கு அணையாத அறையில் வைத்திருந்தார்கள். தூதரக அதிகாரி மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். கொரோனா வந்ததும் அதுவும் பல மாதம் நின்றது. 2021 செப்டம்பர் 24 அன்று மெங் அமெரிக்காவோடு உடன்பாடு செய்துகொண்டு ஊருக்குப் புறப்பட்டார். அதே நாளில் இந்த இருவரும் விடப்பட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்கிறது சீனா. நான் அதை நம்பவில்லை. பெரிய இடத்துப் பெண்ணுக்கு ஈடாக இரண்டு மனிதர்களின் ஆயிரம் நாளைப் பிடித்து வைத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கேள்வி (தங்கச்சிமடம்): 2014-இல் நம் மீனவர் ஐவர் இலங்கையில் விடுதலையாகி வந்ததும் இப்படித்தானா?

பதில்: இல்லை. ஹெராயின் வழக்கில் கொழும்பு உயர் நீதிமன்றம் அக்டோபர் 30 அன்று தூக்கு விதித்தது. ஊரே சாலைக்கு வந்தது. இந்தியா மேல்முறையீடும் செய்தது, அரசு மட்டத்திலும் பேசியது. அன்றைய இலங்கை அதிபர் ராஜபக்ச மன்னிப்பு வழங்க, நவம்பர் 19 அன்று விடுதலை. ஈடாக யாரையும் நாம் பிடித்து வைக்கவில்லை.

கேள்வி (கீழக்கரை): என் மகன் துபாயில் ஓட்டுநர். அவனுக்கு ஒன்று என்றால் நான் எங்கே போவேன்?

பதில்: அம்மா, துணைத் தூதரகங்கள் பற்றி நாடுகள் செய்த 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவு அவனுக்கும் உண்டு. கைதானவர் கேட்டால், அவர் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குத் தாமதமின்றிச் சொல்லியாக வேண்டும். கேட்டால் என்ற சொல்லைக் கவனியுங்கள். மகன் வாய் திறந்து கேட்க வேண்டும். பாகிஸ்தான் பிடித்து வைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் அந்த நாடு இந்தப் பிரிவை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

முன்பு ஒரு தாய் என்னிடம் வந்தார். பாஸ்போர்ட் எண் கேட்டேன். மடியிலிருந்த பையைக் கவிழ்த்தார். மகனின் கல்யாணப் பத்திரிகையும் ரேஷன் அட்டையும் விழுந்தன, பாஸ்போர்ட் நகல் இல்லை. அந்த எண்ணைத் தேடுவதிலேயே இரண்டு நாள் போயிற்று. இன்றிரவு மகனோடு பேசும்போதே நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.