‘இதர’ என்று எழுதிய கட்டு

அன்புள்ள அக்கா,

மூதூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முதுகலை ஆய்வுக்காகக் கருவாடு போடும் 22 பெண்களை நேர்கண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் எழுத்தாக்கி, வருமானம், சந்தை, கடன், குடும்பம், உடல்நலம் என்று ஐந்து நிற ஹைலைட்டரால் கோடு போட்டு, ஓரத்தில் ‘கோட்’, அதாவது அந்தப் பகுதி எதைப் பற்றியது என்ற சின்னக் குறிப்பு, எழுதினேன். 187 கோட் வந்துவிட்டது. அவற்றைச் சேர்த்து எடுக்கிற மையக் கருத்து, அதாவது தீம், ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்கிறார் மேற்பார்வையாளர். எத்தனை தடவை வாசித்தும் தீம்கள் வெளிப்படவில்லை. இந்த வேலைக்கான என்விவோ மென்பொருள் வாங்கக் காசில்லை. அது இல்லாமல் செய்தால் ஆய்வென்று ஏற்பார்களா? ஒரு அம்மா முக்கால் மணி நேரம் தன் வீட்டுக் கிணற்றைப் பற்றியே கதைத்தார். தலைப்போடு சம்பந்தமில்லாததால் அதை நீக்கிவிட்டேன். நீங்களும் ஒரு காலத்தில் இந்த வேலை செய்ததாக எழுதியிருந்தீர்கள். வழி சொல்லுங்கள். என் பெயரைப் போடவேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

போன மாதம் சுவருக்குப் பெயின்ட் அடிக்க அலுமாரியை நகர்த்தினோம். பின்னால் சணல் கயிற்றால் கட்டிய ஒரு கடதாசிக் கட்டு கிடந்தது. மேலே என் கையெழுத்தில் ‘இதர, 2005’. அதைப் பிரிப்பதா எரிப்பதா என்று தெரியாமல் மேசையில் வைத்திருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன்.

முதலில் மென்பொருள். என்விவோ, அட்லஸ், மேக்ஸ்கியூடிஏ எல்லாம் காசு கேட்கும். டாகெட் இலவசம், உங்களுக்கு அது தாராளம். ஹைலைட்டரும் போதும். இவற்றில் எதுவும் உங்களுக்குப் பதிலாக வாசிக்கப்போவதில்லை. அதனால் அந்தக் கவலையை விடுங்கள். கவலை என்றதும் ஞாபகம் வருகிறது: கணினியில் ‘வலை’ என்று தேடிப் பாருங்கள், ‘கவலை’ எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். கடலை நம்பிய குடும்பங்களின் கதையில் அதைப் பிழை என்று சொல்லவும் மனம் வராது. ‘கச்சான்’ என்று தேடினால் காற்றும் வரும், கொறிக்கிற கச்சானும் வரும். ‘பாதை’ இன்னும் மோசம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கிற மிதவை. “பாதை நிண்டு போச்சு” என்று ஒருத்தி சொன்னதற்குப் பக்கத்தில், ஊர் தெரியாத ஒரு பிள்ளை ‘வீதித் தடை’ என்று அழகாக எழுதி வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே தேடுவது சரி, ஆனால் வந்து விழுந்த ஒவ்வொன்றையும் வாசியுங்கள்.

187 கோட் என்பது முதல் சுற்றுக்கு வெட்கப்படவேண்டிய எண்ணிக்கை அல்ல. ஒரே விஷயத்துக்கு நாலு பெயர் வைத்திருப்பீர்கள். சேர்க்கச் சேர்க்கக் குறையும். ஐந்தா ஆறா என்பதை மேற்பார்வையாளரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், என்னை இழுக்கவேண்டாம்.

ஆனால் ‘தீம்கள் வெளிப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விடமாட்டேன். தீம் என்ன நண்டா, வளை வாசலில் காத்திருந்தால் தானாக எட்டிப் பார்க்க? விர்ஜினியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் தீம் எடுக்கும் முறையைப் பற்றி 2006இல் எழுதிய கட்டுரையிலேயே இந்தப் பேச்சைக் கண்டித்துவிட்டார்கள். அந்தக் கட்டுரையின் ஆறு படிகளை எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், கண்டிப்பை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தீம் என்பது நீங்கள் எடுக்கிற முடிவு. பிழைத்தால் பழியும் உங்களுக்குத்தான். அப்புறம், ‘வருமானம்’ தீம் அல்ல, தலைப்பு. முழு வசனமாகச் சொல்லிப் பாருங்கள். ‘மீனுக்கு விலை பேசுகிறவன் ஆண், உப்புக்குக் கடன் சொல்கிறவள் பெண்’ என்பதுபோல. உங்கள் பெண்கள் இதைச் சொன்னார்களோ எனக்குத் தெரியாது, உதாரணத்துக்குச் சொல்கிறேன். இப்படி ஒரு வசனம் வாயில் வராவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் பெட்டி.

பெட்டி என்றால் எனக்கு அப்பாதான். அப்பா தபால் பிரிக்கிற வேலையில் இருந்தார். எழுபதுகளில் சனிக்கிழமைகளில் நான் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோவேன். அவருக்கு முன்னால் சுவரை மறைத்து ஒரு மரத்தட்டு, அதில் சின்னச் சின்ன அறைகள்: உவர்மலை, மடத்தடி, பாலையூற்று, உப்புவெளி, நிலாவெளி. கீழே மூலையில் ‘இதர’. விலாசம் விளங்காதது, அரைகுறையாக எழுதியது எல்லாம் அதற்குள் போகும். மற்றவர்கள் அதை அப்படியே திருப்பி அனுப்பும் கட்டில் சேர்ப்பார்கள். அப்பா வேலை முடிகிற நேரத்தில் அந்த அறையைத்தான் மேசையில் கவிழ்ப்பார். நான் பசியோடு நிற்பேன். அவர் முகத்தில் சீட்டு விளையாடுகிறவனின் களை இருக்கும்.

ஒரு வைகாசியில் ‘இதர’ நிரம்பி வழிந்தது. ‘கடற்கரை, நிலாவெளி, அண்ணாவுக்கு.’ ‘வாடியில் இருக்கும் என் மகனுக்கு.’ அப்பா ஒரு கிழமையாக அவற்றை அடுக்கி அடுக்கிப் பார்த்தார். பிறகு முத்திரையைப் பார்த்தார். எல்லாம் மேற்குக் கரைத் தபால். அங்கே கடல் கொந்தளிக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் அமைதியாக இருக்கும். அங்கிருந்து மீன்பிடிக்க வந்து, மணலில் வாடி என்கிற தற்காலிகக் கொட்டில் போட்டுத் தங்குகிறவர்களுக்கு வந்த கடிதங்கள் அவை. ஊரில் பாதி ஆண்டு குடியிருக்கிற ஒரு கூட்டத்துக்கு அந்தத் தட்டில் இடமே இல்லை. அப்பா ஒரு காலி அறையில் ‘வாடி’ என்று கடதாசி எழுதி ஒட்டினார். மேலே இருந்தவர் இது அறைகளின் பட்டியலில் இல்லை என்று கிழித்தார். அப்பா திரும்ப ஒட்டினார்.

பிற்காலத்தில் பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஆய்வு முறை பற்றி 1967இல் எழுதியதை நான் வாசித்தேன். பெட்டிகளை முன்கூட்டிச் செய்யாதே, புதிதாக வருகிற ஒவ்வொரு துண்டையும் பழையவற்றோடு ஒப்பிட்டுக்கொண்டே போ என்கிறார்கள். ‘அட, வாடி’ என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன். ஒரு வித்தியாசம் உண்டு. கடிதம் ஒரு அறைக்குள்தான் போகமுடியும். உங்கள் பந்தி ஒன்றில் மூன்று கோட் விழலாம். ஹைலைட்டரில் ஒன்றின்மேல் ஒன்று பூசினால் சேறாகும், அவ்வளவுதான் அதன் குறை.

சரி, அந்த அப்பாவின் மகள் என்ன செய்தாள்? சுனாமிக்கு அடுத்த வருடம் ஒரு உதவித் திட்டத்துக்காக முகாம் முகாமாகப் போய்க் கதை கேட்டு எழுதினேன். படிவத்தில் பெட்டிகள் தயாராக இருந்தன: வீடு, தொழில், படிப்பு, உடல்நலம், இதர. இரவில் விளக்கு வைத்துக்கொண்டு நிறம் பூசுவேன். ஒரு பெண் சொன்னாள், “பொழுதுபட்டா தண்ணி குடிக்கிறேல்ல.” ஏதோ பழக்கமாக்கும் என்று ‘இதர’வில் போட்டேன். வேறொரு முகாமில் இன்னொருத்தி சொன்னாள். அதையும் போட்டேன். மூன்றாவது ஆளும் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அன்றைக்கு மஞ்சள் பேனா காய்ந்துபோயிருந்தது. அறிக்கையில் ‘தண்ணீர் போதிய அளவு கிடைக்கிறது’ என்று வந்தது. நான் எழுதியதுதான். கிடைத்தது உண்மை. கழிப்பறைகள் முகாமின் கடைசி மூலையில், வெளிச்சமில்லாத இடத்தில் இருந்தன என்பதும் உண்மை. நானே அந்த வழியால் டோர்ச் அடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். இரண்டையும் என் தலை சேர்த்துப் பார்க்கவில்லை. ‘ஏன் குடிப்பதில்லை?’ என்று கேட்க நாலு விநாடி ஆகியிருக்கும்.

உங்கள் கடிதத்தை வாசித்த அன்று கட்டைப் பிரித்தேன். மூன்று பேர் அல்ல, ஏழு பேர்.

இப்போது கிணற்றுக்கு வருவோம். உப்பும் மீனும் கழுவலும் அலசலுமாக நடக்கிற தொழில் கருவாடு. அதைச் செய்கிற ஒரு மனுஷி முக்கால் மணி நேரம் கிணற்றைப் பற்றிக் கதைத்தால், அது சம்பந்தமில்லாதது என்று உங்களுக்கு யார் சொன்னது? ஐந்து பேனாவில் ஆறாவது நிறம் இல்லை, அதுதானே காரணம்? தீமுக்குத் தமிழில் ‘கருப்பொருள்’ என்று எழுதுகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் நெய்தலுக்குக் கருப்பொருள் அட்டவணை மனப்பாடம் பண்ணியிருப்பீர்களே, அதில் நீர் என்ற இடத்தில் என்ன இருந்தது? மணற்கிணறு. கருப்பொருளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டுக் கருப்பொருள் வெளிப்படவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள், பிள்ளை.

கோபிக்காதீர்கள். உங்களைவிட வயதில் மூத்த ஒருத்தி இதைவிடப் பெரிதாகக் கோட்டைவிட்டதை இப்போதுதான் சொல்லி முடித்தேன்.

ஒலிப்பதிவை அழித்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். இன்றிரவே அதைக் கேளுங்கள். கையில் பேனா வேண்டாம். முடிந்ததும், இதை ஏன் நீக்கத் தோன்றியது என்று ஒரு பக்கம் உங்களுக்காக எழுதிவையுங்கள். மெமோ எழுதச் சொல்லி மேற்பார்வையாளர் சொல்லியிருப்பாரே, அதுதான் இது. மற்ற 21 பேரின் பேச்சிலும் கிணறு, வாளி, தண்ணி என்று வருகிற இடங்களைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரமிருந்தால் அந்த அம்மா வீட்டுக்குப் போய், அவரிடம் கேட்டு ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பாருங்கள். உவரா, நல்ல தண்ணியா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
திருகோணமலை