எட்டுக்கு எட்டு ஏன்?

கேள்வி: அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் எட்டுப் பழைய எஞ்சின்களை எடுத்துவிட்டு மறுபடியும் எட்டையே மாட்டப் போகிறார்களாமே? நான்கு பெரிய எஞ்சின்கள் போதாதா?

பதில்: உந்துவிசைக்குப் போதும், வால்தான் தாங்காது. ஒரு பக்கத்தில் எஞ்சின் நின்றால் மறுபக்கத்து எஞ்சின்கள் விமானத்தின் மூக்கைத் திருப்பிவிடும். அதை எதிர்த்துப் பிடிக்க வேண்டியது வாலில் இருக்கும் சுக்கான். பி-52இல் அது ஒடுங்கலானது. எட்டில் ஒன்று போனால் இழப்பு எட்டில் ஒரு பங்கு. நான்கில் ஒன்று போனால் கால் பங்கு. அதற்கு வாலையே புதிதாகச் செய்ய வேண்டும். பெரிய எஞ்சினுக்குத் தரை இடைவெளியும் இடிக்கும். எரிபொருள் நிரப்பியதும் இறக்கை தாழ்ந்து தொங்கும் விமானம் இது. நுனியில் சின்னச் சக்கரம் வைத்திருப்பதே அதனால்தான்.

ஆகவே, பிராட் அண்ட் விட்னி டிஎஃப்33 இருந்த இடத்துக்கு, 2021இல் தேர்வான ரோல்ஸ்-ராய்ஸ் எஃப்130 வருகிறது. இரண்டுமே 17,000 பவுண்டு உந்துவிசை ரகம். 76 விமானங்களுக்கு 608 எஞ்சின்கள், உதிரி தனி. இரண்டிரண்டாக ஒரே கூட்டில் தொங்குவதால், பக்கக் காற்று அடிக்கும்போது உள்ளே போகும் காற்று கலைகிறதா என்று மிசிசிப்பியில் உள்ள நாசாவின் ஸ்டென்னிஸ் மையத்தில் முதலில் சோதித்தார்கள்.

கேள்வி: பழைய எஞ்சினைப் பிரிக்காமலே அதன் நிலையை அறிய முடியுமா?

பதில்: பெருமளவு முடியும். எஞ்சினை நிறுத்திய சிறிது நேரத்துக்குள், புது எண்ணெய் ஊற்றுவதற்கு முன், உள்ளிருக்கும் எண்ணெயில் மாதிரி எடுக்க வேண்டும். தாமதித்தால் உலோகத் துகள் அடியில் படிந்துவிடும். ஊற்றிவிட்டு எடுத்தால் அளவு நீர்த்துக் காட்டும். இரும்பு, வெள்ளி, தாமிரம் எவ்வளவு என்பதைவிட, பறந்த மணிக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதே முக்கியம். ஆனால் இந்தச் சோதனைக்குப் பொடித் துகள்தான் தெரியும். பேரிங் செதிலாக உரிந்தால் எண்ணெய் அறிக்கை சுத்தமாகவே வரக்கூடும். எண்ணெய் ஓடும் வழியில் இரும்புத் துகளைப் பிடித்துவைக்கும் காந்தச் செருகியைக் கழற்றிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

பிறகு போரோஸ்கோப், அதாவது எஞ்சினுக்குள் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய குழாய்க் கேமரா. பிளேடுகள் பொருத்திய சுழலும் பாகமான ரோட்டரைக் கையால் மெல்லச் சுற்றி, பிளேடுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். உள்ளே வரும் காற்றை அழுத்தும் கம்பிரசரின் பிளேடு விளிம்பில் சிறு வெட்டு இருந்தால், கையேடு அனுமதிக்கும் ஆழம் வரை அரத்தால் வழவழப்பாக்கலாம். கூர்மையான வெட்டில்தான் விரிசல் பிறக்கும். வேர்ப் பகுதியில் வெட்டு இருந்தால் அரத்தைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். பிளேடை மாற்ற வேண்டும்.

அதே உந்துவிசைக்கு வெளியேறும் புகையின் வெப்பம் மாதாமாதம் கூடினால், எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் கம்பிரசரைத் தண்ணீரால் கழுவிப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி வெறும் அழுக்கு.