ஆசனமும் மணிக்கட்டு நோவும்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

உவர்மலையிலிருந்து: அக்கா, சூரிய நமஸ்காரத்தில் கைகளை ஊன்றி உடலை நேராக நீட்டும் பலகை நிலைக்கு வந்ததும் மணிக்கட்டு நோகிறது. விரல்களை விரித்துத்தான் வைக்கிறேன்.

விரித்தால் போதாது தங்கச்சி, விரல்கள் வேலை செய்ய வேண்டும். பலகை நிலையில் மணிக்கட்டு ஏறக்குறைய 90 பாகை மடிகிறது. பலருக்கு 70 தாண்டினாலே இறுகும். அந்த நேரத்தில் பாரம் முழுக்க உள்ளங்கையின் அடியில் விழுந்தால் நோகத்தான் செய்யும். கையை ஊன்றிய பின் ஆட்காட்டி விரலின் அடிமொளி பாயில் படுகிறதா என்று பாருங்கள். அநேகருக்கு அந்த இடம் மட்டும் தூக்கி நிற்கும், கீழே ஒரு தாளை நுழைக்கலாம். அதை அழுத்தி, விரல் நுனிகளால் பாயைப் பிடித்து இழுப்பதுபோல் வையுங்கள். முன்கைத் தசை இறுகுவது தெரியும், பாரமும் விரல் பக்கம் நகரும். தோள் மணிக்கட்டுக்கு நேர் மேலே நிற்கட்டும். முன்னே போனால் மடிப்பு இன்னும் கூடும்.

உப்புவெளியிலிருந்து: கடற்கரையில் செய்தால் கைக்கு மெத்தென்று இருக்கும்தானே?

படம் எடுக்க அழகுதான். ஆனால் பொலபொல மணலில் உள்ளங்கை அடி புதைந்து விரல்கள் மேலே நிற்கும், மடிப்பு கூடும். அலை நனைத்து இறுகிய மணலுக்குப் போங்கள். உள்ளங்கை அடிக்குக் கீழே கொஞ்சம் மணலை மேடாக அணைத்து, விரல்கள் சரிவில் இறங்கும்படி ஊன்றுங்கள். வீட்டில் என்றால் மடித்த துவாய் போதும்.

நிலாவெளியிலிருந்து: விடிய இடியப்பம் பிழிந்து கடைக்குக் கொடுத்துவிட்டுத்தான் யோகா. பிழியும் கைதான் நோகிறது.

உரலை அழுத்திய கை ஏற்கெனவே களைத்திருக்கும். முதலில் கையை நேரே நீட்டி, உள்ளங்கை வெளியே பார்க்க, மற்றக் கையால் விரல்களை மெல்லப் பின்னுக்கு இழுத்து 20 விநாடி பிடியுங்கள். பிழிந்த நாட்களில் முழங்கையை ஊன்றியே பலகை நிலை செய்யலாம். வயிற்றுக்கு வேலை குறையாது.

மணிக்கட்டுப் பட்டி கட்டலாமா?

கட்டலாம். ஆனால் பாரம் விழும் இடத்தை அது மாற்றாது.

7 மாதக் கர்ப்பிணி. இரவில் பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல் விறைக்கின்றன.

உடலில் நீர் தங்கி மணிக்கட்டில் உள்ள நரம்பை அழுத்தும். கர்ப்பகாலத்தில் அடிக்கடி வருவது. கை ஊன்றும் ஆசனங்களை இப்போதைக்கு விடுங்கள். அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியை இரவில் போடச் சொல்லக்கூடும். பெரும்பாலும் பிள்ளை பிறந்த பின் குறையும்.

சைக்கிளால் விழுந்து கையை ஊன்றினேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் பெருவிரல் அடிக்குழி நோகிறது. இரண்டு கைகளிலும் உடலைத் தாங்கும் காகாசனம் செய்யலாமா?

வேண்டாம் தம்பி. அந்தக் குழிக்குள் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதன் வெடிப்பு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். இரத்த ஓட்டமும் குறைவு, கவனிக்காவிட்டால் ஒட்டாது. இன்றைக்கே டொக்டரிடம் திரும்பிப் போய், அழுத்தினால் நோகும் இடத்தை விரலால் காட்டுங்கள். இரண்டு கிழமைக்குள் இன்னொரு படம் எடுக்கச் சொல்வார்கள்.