ஒரு முட்டை, நாலு தட்டு

கேள்வி: சின்ன வயதில் சிக்கனமாகச் சாப்பிட்டதெல்லாம் இன்றும் நாக்கில் நிற்கிறதே, எப்படி?

பதில்: பசிதான், வேறென்ன! எங்கள் அம்மா ஒரே முட்டையை நாலு பேருக்கு ஆக்குவார். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஒரு கை மாவும் தண்ணீரும் விட்டு அடிப்பார். மாவிலுள்ள ஸ்டார்ச் சூட்டில் தண்ணீரை இழுத்து உப்பும். கல்லில் தடிமனாக எழும்பும். வாசனை முட்டையுடையது, எடை மாவுடையது!

பங்கு போடுவது அண்ணன் வேலை. வெட்டுகிறவனுக்குக் கடைசித் துண்டு என்பது அம்மா போட்ட சட்டம். கண்ணை இடுக்கி, கத்தியை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்ப்பான். அதற்குள் ஆறிவிடும். கணக்கில் அவன் ஃபெயில். கால் பங்கு பிரிப்பதில் மட்டும் மயிரிழை பிசகாது. முறுகல் ஓரம் யாருக்கு என்பதில்தான் அடிதடி.

போன வாரம் அதே பக்குவத்தில் செய்தேன். மகள் கிளறிப் பார்த்துவிட்டு, "முட்டை எங்கப்பா?" என்றாள்.