கடைக்காரருக்குத் தரவுச் சான்றிதழ் அவசியமா?

கேள்வி: சிறிய ஜவுளிக்கடை நடத்துகிறேன். பில் போடும் கணினியில் சுமார் 6,000 வாடிக்கையாளர்களின் கைபேசி எண்கள் இருக்கின்றன. ஆடித் தள்ளுபடிக்குக் குறுஞ்செய்தி அனுப்புவேன். புதிய தரவுச் சட்டத்தின்படி சான்றிதழ் வாங்காவிட்டால் 250 கோடி ரூபாய் அபராதம் என்று ஒருவர் வந்து 35,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கடைக்காரர் வாங்கியாக வேண்டிய சான்றிதழ் என்று ஒன்று கிடையவே கிடையாது. 250 கோடி என்பது உச்சவரம்பு. அதுவும், தக்க பாதுகாப்பு இல்லாமல் தரவுகளைக் கசியவிட்டவர்களுக்கு. தவறின் தன்மையையும் தீவிரத்தையும் பார்த்துத் தரவுப் பாதுகாப்பு வாரியம்தான் தொகையை முடிவு செய்யும்.

சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆகிவிட்டது. அந்த விதிகளின்படி முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வருவது 2027 மே மாதம். இத்தனை காலம் இழுத்தடித்தால் நடுவில் தரகர்கள் புகாமல் என்ன செய்வார்கள்? சிறு கடைக்காரர்கள் பயந்து பணம் கட்டுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த ஆடித் தள்ளுபடிச் செய்தியைத்தான். பில் பெறுவதற்காக ஒருவர் எண்ணைச் சொன்னால் பில் அனுப்பலாம். விளம்பரம் அனுப்புவதற்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். தமிழிலேயே கேட்கலாம். வேண்டாம் என்பவருக்கும் முகம் சுளிக்காமல் துணி விற்க வேண்டும்.

"நோட்டில் எழுதினால் சட்டம் தொடாது" என்று சிலர் யோசனை சொல்வார்கள். நோட்டில் இருக்கும்வரை உண்மைதான். மாலையில் கடைப் பையன் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றினால் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்துக் கணக்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அப்படியே. நோட்டை நம்பி ஏமாறாதீர்கள்.

எனக்கு மிகவும் பயம், பில் மென்பொருளைச் சரிபார்க்க வருபவரிடம்தான். ஒரு கடையில் கண்ணாரப் பார்த்தேன்: கல்லாத் திரையின் ஓரத்தில் கடவுச்சொல் எழுதி ஒட்டிய சீட்டு. வந்தவர் மொத்தப் பட்டியலையும் பென்டிரைவில் ஏற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த எண்கள் வெளியே விலைபோனால் அவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. பொறுப்பு உங்கள் தலையில்தான்.

ஆகவே கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். பென்டிரைவை உங்கள் பூட்டுக்குள் வையுங்கள். ஆண்டுக்கணக்கில் கடைப்பக்கம் வராதவர்களின் எண்களை விளம்பரப் பட்டியலிலிருந்து அழியுங்கள். ஜிஎஸ்டி கணக்குக்கு வேண்டிய பில்களில் மட்டும் கைவைக்காதீர்கள்.