ஏறும்போது சரி, இறங்கும்போது தொடை நடுங்குகிறதா?
எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போக இன்னும் இரண்டு மாதம், பத்து கிலோ பையோடு தினமும் மாடிப்படி ஏறியும் வெள்ளியங்கிரியில் இறங்கும்போது தொடை நடுங்கி, இரண்டு நாள் நடக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே லிஃப்டில் வருகிறேன் என்றும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான்.

ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கி பிரேக் போடுகிறது. இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம் வருவது இந்த இரண்டாவது வேலையில்தான். ஆனால் தசை இதைச் சீக்கிரமே பழகிக்கொள்ளும்.

வாரம் இரண்டு நாள், முதலில் பையில்லாமல், படியில் நின்று ஒற்றைக் காலில் மூன்று நொடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். காலுக்கு எட்டு முறை, மூன்று சுற்று. வலி குறைந்தபின் பையோடு படியிறங்கலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். மூட்டுக்குள் குத்தினாலோ வீங்கினாலோ முதலில் டாக்டர்.

அப்புறம், கால் எவ்வளவு தயாரானாலும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் உயர நோய் வரலாம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்குள் கூட்டுகிற திட்டமாகப் பாருங்கள். போகும் வழியிலுள்ள நாம்சே பஜார் ஊரில் (3,440 மீட்டர்) உடல் உயரத்துக்குப் பழகுவதற்கான ஓய்வுநாளை வெட்டுகிற பேக்கேஜ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.